செவிலியும் ஒட்டுவாரொட்டியும்

பட்டுத்தறி ஓடும் வீட்டிற் பிள்ளை வளர்ப்பது தனியானதொரு கலை. பெரிய காஞ்சிபுரத்திலே பிள்ளையார்பாளையம் முதலாய நெசவாளர் தெருக்களுக்குச் சென்று கண்டோர் இதனை நன்கறிவர். ஆங்கு வீடே தொழிற்சாலை. தறிக்குழிக்கும் அடுப்புக்கும் இடையே ஒரு சுவரேனும் இல்லாத வீடுகள் பலவுள. ஆடவர் தறியில் அமர, பெண்டிர் தார் சுற்றுவர். அறுந்த இழை பிணைப்பர். தாமே தறியில் அமர்ந்து நெய்வாரும் உளர். கோர்வைச் சேலையாயின் ஒருவர் கை போதாது. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாக, வெவ்வேறு நாடாவால் ஊடை கொடுத்து, இரண்டையும் இழைக்கு இழை பூட்டி நெய்வது கோர்வையாகலின், கரைப்புறத்து நாடாவைச் செலுத்தத் துணையாள் ஒருவர் வேண்டும். அத்துணையும் பலகால் வீட்டுப் பெண்மகளே. அப்பொழுது தூளியிற் கிடக்கும் குழந்தையைப் பார்ப்பவர் யார்? பாட்டி உள்ள வீட்டிற் பாட்டி பார்ப்பாள். அஃதில்லாத வீட்டிலும், கணவனும் மனைவியுமாக ஒரகடம், திருப்பெரும்பூதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறிச் செல்லும் வீட்டிலும், அடுத்த தெருவிலிருந்து ஓர் அம்மாள் மாதச் சம்பளத்துக்கு வந்து பார்ப்பதுண்டு. அவளை ஆயா என்கிறோம்.

அக்குழந்தைக்கு ஒருநாள் மேலெல்லாம் கொப்புளம் எழும்பிற்று என்று கொள்வோம். சின்னம்மை என ஐயமறத் தெரிந்துவிட்டது. மறுநாட் காலையில் ஆயா வரலாமா, வரக்கூடாதா? நோயிற் கிடக்கும் பிள்ளைக்குப் பழகிய கையே மருந்து. அவள் வாராவிடில் தாய் வேலையை விடவேண்டும். தறி நின்றால் அடுப்பும் நிற்கும். ஆதலின் வரவேண்டும் என்பது ஒரு கட்சி. பிள்ளையைப் பார்க்க வந்தவள் தன் உடம்பைப் பணயம் வைக்க ஒப்பி வந்தாளல்லள். ஆதலின் வரலாகாது என்பது மறுகட்சி. இரண்டிலும் நியாயம் இருத்தலின், விரைந்து ஒரு பக்கம் சாயாமல் ஆராய்வோம்.

முதலிற் சொல்லை எடுத்துக்கொள்ளுகிறேன். தமிழ் மாணவன் கைக்கு முதலில் அகப்படுவது அதுதானே. ஆயா என்பது போர்ச்சுக்கீசியர் இந்நாட்டில் விட்டுச்சென்ற சொற்களுள் ஒன்று. தாதி என்பது வடமொழி வழிவந்தது. நம் திருமறைத் தமிழில் இதுவே பயிலும். செவிலி என்பது நம் பழஞ்சொல். அகத்திணை நூல்களில் நற்றாய்க்கு அடுத்து நிற்பவள் அவளே. ஆட்டுவாள், ஊட்டுவாள், ஓலுறுத்துவாள், நொடிபயிற்றுவாள், கைத்தாய் எனச் செவிலித்தாயரை ஐவகையாகப் பகுத்தனர் முன்னோர். நீராட்டல், உணவூட்டல், தாலாட்டல், பேச்சுப் பழக்கல், கையிலேந்தி ஒப்பனை செய்தல் என இவர்தம் தொழில்களைக் கொள்ளலாம். நோயிற் பக்கத்திருத்தல் என்பது இவ்வைந்தனுள் தனித்தொழிலாக வைத்து எண்ணப்பட்டிலது. காலம் மாறிற்று. 1909ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரிலே தாதியர் பயிற்சிப்பள்ளி தொடங்கினார். அத்தகைய பள்ளிகளிற் பயின்று மருத்துவமனையிற் பணிபுரிவோரையே இன்று செவிலியர் என்கிறோம். ஒரு சொல் இரு தொழிலுக்கு ஆயிற்று. இதனால் ஒரு மயக்கமும் வந்தது. மருத்துவமனைச் செவிலிக்குப் பயிற்சி உண்டு, கையுறை உண்டு, முகமூடி உண்டு, எந்நோய்க்கு எவ்வளவு விலகி நிற்கவேண்டும் என்னும் விதி உண்டு. வீட்டுச் செவிலிக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அவளிடம் உள்ளது பழக்கமும் பரிவுமே. முன்னவள் செய்வதைப் பின்னவளும் செய்ய வேண்டுமென எதிர்பார்ப்பது, சொல்லொற்றுமையைப் பொருளொற்றுமையாகக் கொண்ட பிழையாம்.

செவிலிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நம் புலவர் கருதினர் எனவும் சொல்லிவிட முடியாது. தலைவியின் உடல் மெலிவதை முதலிற் காண்பவருள் செவிலி ஒருத்தி. கண்டதும் அவள் செய்வது என்ன? காரணம் அறியாது கலங்கி, வேலனை அழைத்து வெறியாட்டு எடுக்கிறாள். ஆட்டுக்குட்டி வீணே உயிரிழக்கிறது. தோழி உள்ளுக்குள் நகுகிறாள். நோயறி திறத்திற்குச் செவிலி பெற்ற மதிப்பெண் சுழியமே எனினும், முதற்குறியைக் கண்ட கண் அவளுடையது என்பதை மறத்தலாகாது. பிள்ளையை நாள்தோறும் தூக்குபவள் கைக்கே முதலில் வெப்பம் தெரியும். இச்செய்தி நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டற்பாலது; அதற்கே வருகிறேன்.

ஒட்டுவாரொட்டி என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் நோய்கள் ஒருபடித்தானவை அல்ல. தட்டம்மை காற்றிற் பரவுவது. நோயுற்ற பிள்ளை ஓர் அறையை விட்டுச் சென்ற பின்னும் 2 மணி நேரம் வரை அக்கிருமி அவ்வறைக் காற்றில் நிற்கும். தடையாற்றல் இல்லாதார் பத்துப்பேர் நெருங்கியிருப்பின் ஒன்பதின்மரைப் பற்றும் என்பர் மருத்துவர். அது தடிப்பு எழுவதற்கு 4 நாள் முன்னரே பிறர்க்குத் தொற்றத் தொடங்கி, எழுந்த பின் 4 நாள் வரை தொற்றும். சின்னம்மை கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, எல்லாக் கொப்புளமும் பொருக்காகும் வரை தொற்றும். கக்குவான் இருமல், மருந்து கொடாவிடில் இருமல் தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ 3 வாரம் தொற்றும். தக்க மருந்து கொடுத்து 5 நாள் கழிந்தால் அபாயம் நீங்கும். வயிற்றுப்போக்கோ காற்றால் வருவதன்று. பிள்ளையின் மலம் பட்ட கையாலும் நீராலும் வருவது. இதற்கு ஆயாவை விலக்க வேண்டுவதில்லை. சவர்க்காரமும் போதிய நீரும் வேண்டும். நீர் குடங்கணக்காக அளந்து வைக்கப்படும் தெருவில், கை கழுவு என்று சொல்லுதல் எளிது. கழுவுதல் அரிது என்பதும் உண்மையே.

மேலே கூறிய நாட்கணக்கை மீண்டும் நோக்குக. தட்டம்மை என்றும் சின்னம்மை என்றும் பெயர் தெரிவதற்கு முன்னரே அவை தொற்றத் தொடங்கிவிடுகின்றன. பெயர் தெரியும் நாளில், அப்பிள்ளையைத் தோளிற் சாய்த்து மூக்குத் துடைத்த ஆயாவுக்கு அந்நோய் செல்வதாயின் பெரும்பாலும் சென்றேயிருக்கும். ஆகவே கொப்புளத்தைக் கண்ட காலையில் அவளை வாசலிலேயே நிறுத்தித் திருப்பியனுப்பிவிட்டு அவளைக் காத்துவிட்டோம் என எண்ணுவது, வெள்ளம் புகுந்தபின் வரப்பு உயர்த்துவதை ஒக்கும். வரலாமா என்னும் வினாவுக்கு முன் கேட்கவேண்டிய வினா வேறு: அவளுக்கு இந்நோய் முன்னரே வந்ததுண்டா? தடுப்பூசி போட்டதுண்டா? இதனைப் பிள்ளை நலமாயிருக்கும்போதே, வேலைக்கு அமர்த்தும் நாளிலேயே கேட்டு வைத்தல் வேண்டும். தட்டம்மைக் கிருமியோடு நெருங்கிய 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டுக்கொண்டால் நோய் வாராமல் தடுக்கவும் கூடும். இதனை அறிந்து அவளைச் சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் வீடு எத்தனை?

ஒருமுறை வந்தவர்க்கு மறுமுறை வாராத நோய்கள் உண்டென்னும் அறிவு மிகப் பழையது. கி.மு. 430இல் ஏதென்சு நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, நோயினின்றும் பிழைத்தவரே அஞ்சாமல் பிறரைப் பேணினர் என்று அந்நோயில் தாமும் கிடந்தெழுந்த தூசிடைடீசு என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். இன்னும் தெளிவான சான்று வடகடலிலுள்ள பரோயே தீவுகளிற் கிடைத்தது. அங்கே 1781இல் தட்டம்மை வந்து போயிற்று. பின்னர் 65 ஆண்டு எட்டிப் பாராமலிருந்து, 1846இல் மீண்டும் வந்தது. ஏறத்தாழ 7,800 பேர் வாழ்ந்த தீவுகளில் சுமார் 6,000 பேர் படுத்தனர். ஆராயச் சென்ற பானும் என்னும் டேனிய மருத்துவர், 1781இல் நோயுற்றுப் பிழைத்திருந்த முதியோருள் ஒருவரேனும் இம்முறை படவில்லை எனக் கண்டார். ஊரெல்லாம் படுத்திருக்க, பாட்டன் பாட்டியரே நோய்ப்பக்கத்தில் இருக்கத் தக்கவராயினர்.

நம்மூரிலும் இவ்வறிவு இல்லாமல் இல்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினால், அயலார் உட்புகார். நோயாளியைத் தனியிடத்தில் கிடத்துவர். முன்னர் அம்மை வார்த்தெழுந்த பெரியவள் ஒருத்தி பக்கத்திருப்பாள். மாரியம்மையின் சினம் என்னும் கருத்து கிறித்தவனாகிய எனக்கு உடன்பாடன்று. ஆயினும் அக்கருத்தின் நிழலில் வளர்ந்த ஒழுங்கு, விலக்கிவைத்தலும் தக்க ஆளைத் தெரிந்து வைத்தலுமாகிய நல்லொழுங்கே. பெரியம்மை எனப்பட்ட வைசூரி உலகினின்றும் ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 1980 மே 8ஆம் நாள் அறிவித்தது. அது போயிற்று, சின்னம்மை போகவில்லை. அதற்குத் தடுப்பூசி உண்டெனினும் அரசினர் இலவசமாகப் போடும் தடுப்பூசி வரிசையில் அஃது இடம்பெறவில்லை. ஆதலின் ஆயாவின் வினா நம் தெருக்களில் இன்றும் உயிரோடிருக்கிறது.

இனி, இவ்விவாதத்தில் எவரும் நினையாத ஒருவரை நினைப்போம். தலைவியின் தோழி யார்? செவிலியின் மகள் என்று தொல்காப்பியர் தெளிவாகக் கூறுகிறார். இவ்விலக்கணத்தைத் தேர்வுக்காகப் படித்தபோது எனக்கு அதில் ஒரு சுவையும் தோன்றவில்லை. இப்பொழுது எண்ணிப் பார்த்தால், செவிலி என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அவளுக்கும் ஒரு பிள்ளை உண்டு என நினைந்தவர் அவர் ஒருவர்தாம் போலும் என்று தோன்றுகிறது. ஆயாவுக்கு முன்னரே அம்மை வந்திருக்கலாம். அவளுக்கு அச்சம் இல்லாதிருக்கலாம். தடையாற்றல் இல்லாத ஆயாவோ, சின்னம்மையை ஏற்றுக்கொண்ட 10ஆம் நாளுக்கும் 21ஆம் நாளுக்கும் இடையே தானும் படுப்பாள். அப்போது அவள் குடிசையில் அவளோடு ஒரே பாயிற் படுக்கும் பிள்ளைகள் யாவர்? அவர்களுக்கு ஊசி போட்டாயிற்றா? அவள் மகள் சூல் கொண்டிருக்கிறாளா? ரூபெல்லா என்னும் சிற்றம்மை, பிள்ளைக்கு வந்தால் சிறு காய்ச்சலோடு போய்விடும். கருவுற்ற தொடக்கத்தில் பெண்ணுக்கு வந்தால் கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் செவியையும் நெஞ்சையும் கெடுக்கும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை ரூபெல்லாத் தடுப்பூசி முகாம் தொடங்கியது இதன் பொருட்டே. அக்காலத்து வீண்வதந்திகளுக்கு அஞ்சிப் பிள்ளைகளை அனுப்பாத பெற்றோரும் இருந்தனர். ஊசி போடாத பிள்ளையைக் கருவுற்ற ஆயாவின் கையிற் கொடுப்பது தம் பிள்ளையின் நலத்தோடு முடியும் செய்தியன்று.

நோய் எப்பக்கம் செல்கிறதென்று பார்க்கும் கண்ணும் நமக்குக் கோணியே இருக்கிறது. வேலையாளிடமிருந்து வீட்டுக்கு வந்தால் உலகமே அறியும். நியூயார்க்கு நகரில் மேரி மாலன் என்னும் சமையற்காரி, தான் நோயின்றியே குடற்காய்ச்சற் கிருமியைத் தாங்கித் தான் வேலை செய்த வீடுகளிற் பரப்பினாள் என்று 1907இல் கண்டறியப்பட்டது. அவளைப் பிடித்து ஒரு தீவில் அடைத்தனர், 1910இல் விடுத்தனர், பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் சமையலுக்கே சென்றமையால் 1915இல் மறுபடி அடைத்தனர். 1938இல் இறக்கும் வரை அவள் அங்கேயே இருந்தாள். அவள் செய்தது தவறே. ஆனால் வேறு பிழைப்புக்கு வழியின்றி அவள் அடுப்பங்கரைக்கே திரும்பினாள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். வீட்டுப் பிள்ளையிடமிருந்து நோய் பெற்ற ஆயாமார் எத்தனை பேர்? அவர்களுக்கென ஒரு பெயரும் வரலாற்றில் இல்லை. வேலைக்காரியால் நோய் வந்தது என்னும் பேச்சைத் தெருவிற் கேட்கிறோம். வீட்டுக்காரரால் வந்தது என்னும் பேச்சை எங்கும் கேட்டதில்லை. 2020இல் கோவிட் பரவியபோது, வெளிநாடு சென்று மீண்டவர் வீட்டிற்கூட முதலில் வேலைக்கு வராதே எனப்பட்டவள் அவளே.

இவ்வளவும் கேட்டபின், அங்ஙனமாயின் நோயுற்ற பிள்ளையை யாரும் அணுகவேண்டா என்கிறீரோ என்று வாசகர் வினவலாம். அன்று. சென்னையிலேயே இதற்கு விடை உண்டு. காசநோயாளியை வீட்டில் வைத்திருப்பின் குடும்பமே அழியும். சானடோரியத்துக்கு அனுப்பியே தீரவேண்டும் என்பது ஒரு காலத்து முடிபு. 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு நிலையத்தார் இதனைச் சோதித்தனர். நகரத்து ஏழை நோயாளர் 190க்கு மேற்பட்டவரை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும், ஒரு பாதியை அவரவர் நெரிசலான வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். 1959இல் முடிபு வெளிவந்தது. வீட்டிலிருந்தோரும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தனர். அவர்தம் வீட்டார்க்கு நோய் பற்றிய அளவும் மிகவில்லை. காரணம், பெருந்தொற்று மருந்துக்கு முன்னரே நடந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அபாயம் விரைந்து குறைகிறது. இம்முடிபு உலகெங்கும் சானடோரியக் கதவுகளைத் திறந்துவிட்டது. இதிலிருந்து யான் கொள்வது இது: அருகிருத்தல் தன்னளவிற் கேடன்று, இன்ன நோய் என்று அறியாமல் அருகிருத்தலே கேடு. குழந்தைக் காசநோயில் மற்றொன்றும் உண்டு. சிறு பிள்ளை பெரியவர்க்கு அந்நோயைத் தருவது அரிது. பெரியவரிடமிருந்தே அது பெறும். ஆங்கு ஆயா பிள்ளையை அஞ்ச வேண்டுவதில்லை. வீட்டிலே நெடுநாளாக இருமும் பெரியவரையே மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

ஆகவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வரலாமா என்பதற்குப் பொதுவிடை இல்லை. நோயின் பெயரை அவளுக்கு ஒளிக்காமற் சொல்லவேண்டும். முன்னர் அந்நோய் வந்தவளும் ஊசி போட்டவளும், தன் வீட்டில் கருவுற்றாரும் கைக்குழந்தையும் இல்லாதவளும் விரும்பினால் வரட்டும், மற்றையோர் வரவேண்டா. வாராதார்க்கு அந்நாட்கூலியைப் பிடித்தல் கூடாது. இம்மூன்றனுள் கடைசியே முதலாவது என்பேன். ஏனெனில், கூலி போய்விடும் என்னும் அச்சம் இருக்குமாயின், எனக்கு அம்மை வந்ததே இல்லை என்று அவள் வாய் திறந்து சொல்லாள். அவள் சொல்லாவிடில் முன்னிரண்டும் பயனில. பார்வோன் மகள் நதியில் எடுத்த பிள்ளையை வளர்க்கக் கொடுத்தபோது, உனக்குச் சம்பளம் தருவேன் என்று சொல்லியே கொடுத்தாள். அரண்மனைக்காரி அவ்வளவு அறிந்திருந்தாள். ரெபெக்காளின் தாதியாகிய தெபொராள் இறந்தபோது அவளைப் புதைத்த மரத்துக்கே அழுகையின் மரம் என்னும் பொருள்படப் பெயரிட்டனர் என்று ஆதியாகமம் கூறுகிறது. குடும்பத்தார் அழுதனர் என்பது அழகியதே. அழுவதோடு நில்லாமல் உயிரோடிருக்கும்போதே ஊசி போடுவித்தல் இன்னும் அழகியது.

சட்டம் இதில் எவ்வளவு துணை செய்யும்? 1939ஆம் ஆண்டுச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் தமிழ்நாட்டுச் சட்டமென்னும் பெயரோடு இன்றும் நிலவுகிறது. தொற்றுநோய்த் தடுப்பே அதன் பெரும்பகுதிகளுள் ஒன்று. வீட்டுவேலை செய்வோர்க்கும் பிற தொழிலாளர்க்குள்ளது போலப் பாதுகாப்பும் நலமும் உள்ள பணியிடம் வேண்டுமென உலகத் தொழிலாளர் நிறுவனம் 2011இல் 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதனை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. 2017இல் மகப்பேற்று நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேருக்குக் குறையாதவர் வேலை செய்யும் இடத்திற் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றனர். தறி வீட்டில் வேலை செய்வோர் மூவர். ஐம்பதுக்கு எங்கே போவது?

தறி வீட்டுப் பிள்ளைக்கு எஞ்சியுள்ளது அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்வழி வந்த அந்நிலையங்களிற் பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவருமே இருப்பது வழக்கம். பிள்ளைகள் அவ்வுதவியாளரை ஆயா என்றே அழைக்கும். ஒரே அறையில் உண்டு உறங்கும் பிள்ளைகளுள் ஒன்றுக்கு அம்மை கண்டால் அதனை வீட்டில் நிறுத்துவது முறையே, வேறு வழியில்லை. ஆனால் நிறுத்தப்பட்ட பிள்ளை மீண்டும் தறிக்குழியின் அருகே வந்து படுக்கிறது. அப்பிள்ளையைப் பார்க்க மூத்த பெண் பள்ளிக்கு முழுக்குப் போடுகிறாள். ஆயா வராத நாட்களின் சுமை சம்பளமில்லாத ஆயா ஒருத்தியின் தலையில் ஏறுகிறது. அவளுக்கு வயது பத்தோ பன்னிரண்டோ. அவளுக்கு அம்மை வந்ததுண்டா என்று எவரும் கேட்பதில்லை.

எத்தனை நாள் இப்படி? நம் வீடுகளில் தலைக்கு நீர் வார்க்கும் நாளே எல்லை. வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலிற் காய்ந்த நீரை வார்த்தபின்னரே பிள்ளை தெருவில் இறங்கும். ஆயாவும் திரும்பி வருவாள். கொப்புளம் எல்லாம் வற்றிப் பொருக்காகிய பின்னரே நீர் வார்ப்பாராயின், மருத்துவர் குறிக்கும் எல்லையும் அதுவே. தறியில் கூலி பிந்துகிறதென்று மூன்றாம் நாளே நீர் வார்த்துவிடும் வீடுகள்தாம் கவலைக்குரியன. அவ்வீட்டாரிடம் கிருமியைப் பற்றிப் பேசுவதினும், புதுக் கொப்புளம் ஒன்றேனும் இருக்கிறதா என்று பிள்ளையின் தலைமயிரை விலக்கிப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள் என்று சொல்லுவது எளிது. ஆயா அதனைத் தானே பார்த்துக்கொள்ளுவாள். தலை வாரிவிடுபவள் அவள்தானே.